வால் முளைத்த வினைச்சொல்

“கதவு தானா சாத்திக்கிச்சா, யாராவது சாத்தினாங்களா?” என்று கேட்டாள் ஏலவார்குழலி அக்கா.

உயிர் போகிற நேரத்தில் இலக்கணம் கேட்கிற ஒருத்தியிடம் வேலை பார்க்கவேண்டும் என்பது என் தலையெழுத்து. தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு தானாகத் தாழ்ப்பாளும் போட்டுக்கொள்ளுமா? வெளியே இரும்புத் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. எதிர்ச் சுவரில் இருந்த பல்லிக்கும் கேட்டது, அது ஓடி உத்தரத்துக்குப் போய்விட்டது.

“அக்கா, மாட்டிக்கினோம்,” என்றேன். “தானா மாட்டிக்கினோமா, மாட்ட வெச்சாங்களான்னு மட்டும் கேக்காத. எனக்கு அழுகை வரும்.”

“அதைத்தாண்டா அடுத்தது கேக்கணும்,” என்றாள் அக்கா.

அக்காவைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பல வருஷம் ஜில்லா கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். தெலுங்கு சாட்சி, உருது சாட்சி, இங்கிலீஷில் உளறுகிற சாட்சி, எல்லோர் பேச்சையும் ஜட்ஜுக்குப் புரியும்படி சொல்வது உத்தியோகம். இத்தனை பாஷையில் பொய்யைக் கேட்ட பிறகு பென்ஷன் வரும்வரை பொறுக்க முடியாமல், பொய்யைப் பிடிக்கிற தொழிலுக்கே வந்துவிட்டாள். நான் முனிரத்தினம். நெசவாளி வீட்டுப் பிள்ளை, தறியில் உட்காரச் சொன்னதற்குப் பயந்து அக்காவிடம் ஓடி வந்தவன். ஸ்கூட்டர் ஓட்டுவதும், அக்கா யோசிக்கும்போது குறுக்கே பேசுவதும் என் வேலை.

அறையில் எங்களோடு மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள். அவள்தான் எங்கள் கட்சிக்காரி, வத்ஸலா. சின்ன காஞ்சிபுரத்துப் பெண், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். அவளுடைய அண்ணன் பராங்குசம் மதராசில் ஒரு காலேஜில் ஜெர்மன் சொல்லிக்கொடுப்பவர். போன வாரம் கூரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெருமாள் கோயிலில், ஒரு முழ உயரத் தாயார் விக்கிரகம் காணாமல் போயிற்று. மறுநாள் பராங்குசத்தையும் காணோம். அதற்கு முன்னால் அவர் ஒரு வெள்ளைக்காரனோடு அந்தக் கோயிலைச் சுற்றிவந்ததைப் பட்டாசாரியார் பார்த்திருக்கிறார். போலீஸ் இரண்டு காணோமையும் கூட்டி ஒரே கணக்காக எழுதிவிட்டது.

“எங்கண்ணா திருடன் இல்லை. வெள்ளைக்காரனுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல, துபாஷா வெச்சுக்கறதுக்காக அவனைக் கடத்திண்டு போயிருக்கா,” என்று வத்ஸலா எங்களிடம் வந்தாள். அவராகப் போனாரா, கொண்டுபோனார்களா என்பதுதான் கேஸ். முதலாவது என்றால் ஜெயில். இரண்டாவது என்றால், வேலை முடிந்ததும் துபாஷை உயிரோடு விட்டுவைக்க எந்தத் திருடனுக்கும் காரணம் கிடையாது.

இன்று கருட சேவை. காலையில் நாங்கள் வத்ஸலா வீட்டில் இருந்தபோது பக்கத்து வீட்டுக்கு அவளுக்கு ஒரு போன் வந்தது. போய்விட்டு வந்தவள் முகம் வெளுத்திருந்தது. அண்ணன்தான் பேசினாராம், நான்கைந்து வார்த்தை. கிழக்கு ராஜ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், பட்டு வியாபாரி ஒருவர் காலி செய்துவிட்டுப் போன வீட்டில் இருக்கிறாராம். கூட்டத்தில் நீந்தி வந்து சேர்ந்தோம். வாசல் திறந்து கிடந்தது. நடை, கூடம், கடைசியில் இந்த அறை. மூன்று பேரும் உள்ளே வந்து ‘யாரையும் காணோமே’ என்று சொல்லி முடிப்பதற்குள் தாழ்ப்பாள் விழுந்தது.

ஜன்னல் கிடையாது. கூரையில் பதித்த ஒரு கண்ணாடி ஓடு வழியாக வெளிச்சத்துண்டு ஒன்று விழுந்தது. மூலையில் பழைய பாவு நூல் கட்டுகளும், தறிக்குத் தொங்கவிடுகிற கற்களும் கிடந்தன. தறியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள், நெசவாளி கால் தொங்கவிடும் பள்ளம் மட்டும் பலகை போட்டு மூடியிருந்தது. வைகாசி வெயில் ஓட்டின் வழியாக இறங்கி எங்கள் மூன்று பேரையும் வேக வைத்துக்கொண்டிருந்தது.

நான் கதவை உதைத்தேன். தோளால் இடித்தேன், தோள்தான் நொந்தது. பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு கத்து கத்தினேன்.

“கோவிந்தா!” என்று வெளியே தெருவில் ஆயிரம் பேர் பதில் சொன்னார்கள்.

“பெருமாள் ராஜ வீதிக்கு வந்துட்டார்,” என்றாள் வத்ஸலா. கையைக் கூப்பப் போனவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“இன்னும் ரெண்டு தடவ கத்துடா. பிரசாதமே கொண்டாந்து குடுப்பாங்க,” என்றாள் அக்கா. மேளமும் அதிர்வேட்டும் காதைப் பிளந்தன. இந்த ஊரில் வருஷத்துக்கு ஒரு நாள் எவன் எப்படிக் கத்தினாலும் பக்தி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அந்த நாளாகப் பார்த்து மாட்டிக்கொண்டோம். வெளியே சொன்னால் மானம் போகும், ஆனால் பயந்துதான் போயிருந்தேன்.

அக்கா ஒரு பாவுக் கட்டின்மேல் உட்கார்ந்தாள். “வத்ஸலா, உக்காரும்மா. காலையில உங்கண்ணன் போன்ல பேசினதை அர்த்தம் சொல்லாம அப்படியே சொல்லு. வார்த்தைக்கு வார்த்தை.”

“அது தமிழ் இல்லை, மேடம்.”

“ஜெர்மனா?”

“ஜெர்மனும் இல்லை. வேகிஷ்.”

“அது எந்த ஊர்ல பேசறாங்க?” என்றேன்.

“எங்காத்துல. அண்ணாவும் நானும்.”

எனக்கு வியர்வை இன்னும் கொஞ்சம் கூடியது. வத்ஸலா சொன்னாள். அவளுக்கு எட்டு வயசில் அம்மை போட்டு, தனி அறையில் படுக்க வைத்திருந்தார்களாம். யாரும் உள்ளே வரக்கூடாது. பராங்குசம் அப்போது காலேஜில் ஜெர்மன் படிக்க ஆரம்பித்த சமயம். ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து, தங்கைக்குப் பொழுது போகவேண்டும் என்று ஒரு பாஷையைக் கட்ட ஆரம்பித்தாராம். அம்மை இறங்கிவிட்டது, பாஷை நின்றபாடில்லை.

“இங்கிலீஷ், ஜெர்மன், டச்சு எல்லாம் ஒரு வயித்துப் பெண்கள். அந்தக் குடும்பத்துல இன்னொரு தங்கை பிறந்திருந்தா எப்படிப் பேசியிருப்பா? அதுதான் வேகிஷ். வேகவதி ஆத்தங்கரையில பிறந்தது, அதனால அந்தப் பேர்.”

“நாலு பேர் பேசாதது. வேகாத பாஷைன்னு வெச்சிருக்கலாம்,” என்றேன்.

வத்ஸலா என்னைப் பார்த்த பார்வையில் நான் பாஸ்பரஸ் இல்லாத தீக்குச்சி ஆனேன். அக்கா அவசரப்படவில்லை. “காலையில என்ன சொன்னான்?”

“‘இக் கொம்தெ’ன்னான். என்னைக் கொண்டுவந்துட்டான்னு அர்த்தம்.”

“அந்த ரெண்டு வார்த்தையில அத்தனை அர்த்தமா?”

“அதுதான் மேடம் அண்ணாவோட சாமர்த்தியம்,” என்றாள் வத்ஸலா. பூட்டிய அறையில், நெற்றியில் வியர்வை ஓட, அவள் முகம் ஒரு நிமிஷம் பெருமையில் மலர்ந்தது. “இங்கிலீஷ்ல பாருங்கோ. ‘ஸிங்’ இறந்தகாலத்துல ‘ஸாங்’ ஆறது. ‘வாக்’ ‘வாக்டு’ ஆறது. ஒண்ணு வயித்துக்குள்ள எழுத்து மாறிக்கறது, இன்னொண்ணு வெளியில வால் ஒட்டிக்கறது. ஜெர்மன்லயும் அப்படித்தான். எது எந்த ஜாதி, ஏன்னு கேட்டா ஒரு வாத்தியாரும் பதில் சொல்ல மாட்டா. மனப்பாடம் பண்ணுன்னுடுவா. அண்ணாவுக்கு அது பொறுக்கலை. காரணமில்லாத வித்தியாசம் ஒரு பாஷையில எதுக்குன்னான்.”

“அதனால?”

“நம்ம தமிழ்ல தன்வினை, பிறவினை இருக்கோல்லியோ? திரும்பினேன், திருப்பினேன். அதைக் கொண்டுபோய் அங்க வெச்சுட்டான். வேகிஷ்ல ஒவ்வொரு வினைக்கும் ரெண்டு இறந்தகாலம். உள்ளே எழுத்து மாறினா, நானா மனசோட செஞ்சேன். வெளியில ‘தெ’ன்னு வால் வந்தா, யாரோ என்னைச் செய்ய வெச்சா. ‘கொமென்’னா வரது. ‘இக் கம்’னா நானா வந்தேன். ‘இக் கொம்தெ’ன்னா என்னை வரவெச்சா.”

“அடேங்கப்பா,” என்றேன். “என் கல்யாணத்தன்னிக்கு இந்தப் பாஷை தெரியாமப் போச்சே. தாலி கட்டினதுக்கு ஒரு முழம் வால் ஒட்டியிருப்பேன்.”

அக்கா சிரிக்கவில்லை. “ஆக, காலையில வாலோட சொன்னான்.”

“வாலோட,” என்றாள் வத்ஸலா. கொஞ்சம் வேகமாகவே சொன்னாள்.

வெளியே மேளம் நெருங்கி வந்தது. சந்துக்குள்ளேயே வந்துவிட்டது போல் சுவர் அதிர்ந்தது. சும்மா உட்கார்ந்திருந்தால் மூச்சு முட்டுகிறதே என்று எழுந்து நடந்தேன். நான்கு தப்படிக்கு மேல் நடக்க அந்த அறையில் இடமில்லை. திரும்பும்போது பலகை சறுக்கி, வலது கால் தறிப் பள்ளத்துக்குள் போயிற்று.

“ஐயோ” என்று கத்தத் தயாராக வாயைத் திறந்தேன். தேவைப்படவில்லை. முழங்கால் அளவிலேயே கால் எதன்மேலோ நின்றுவிட்டது.

“அக்கா,” என்றேன். “தறிப் பள்ளம்னா இடுப்பு வரைக்கும் போவணும். எங்கப்பன் கால் என்ன, வாத்துக் காலா?”

பலகையைத் தள்ளிவிட்டுக் குனிந்தோம். பழைய பட்டுத் துணியில் சுற்றி, மேலே வைக்கோல் அடைத்து, குழந்தையைத் தூங்கவைத்த மாதிரி ஒரு மூட்டை. நான் தூக்கப் போய்க் கனத்தில் தடுமாறினேன். அக்கா துணியின் ஒரு ஓரத்தை விலக்கினாள். கரும்பச்சை படிந்த செம்பில் ஒரு கை தெரிந்தது. தாமரை மொட்டைப் பிடித்த விரல்கள்.

தாயார்.

எனக்கே கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றிற்று. வத்ஸலா சுவரோடு சாய்ந்துவிட்டாள். அவள் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தது. “அண்ணா,” என்றாள்.

அக்கா தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். பிறகு துணியைப் பழையபடி மூடினாள். “முனி, நாம மாட்டிக்கல. அவன் சாமான்தான் நம்மகூட மாட்டிக்கிச்சு. நம்மள வெச்சுப் பூட்ட எவனும் நெனைக்கல. நாம நேரா இதுமேலயே வந்து நின்னுட்டோம், வேற வழியில்லாம கதவைச் சாத்திட்டான். இதை எடுக்காம அவனும் போக முடியாது.”

“எடுக்க வருவான்னு சொல்றியா?”

“வருவான். தனியா வந்தா நல்லது.”

தனியாக வராவிட்டால் என்ன ஆகும் என்று அக்காவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த அறையில் அதற்கு மேல் நடக்க எனக்கு இஷ்டமில்லாமல் பாவுக் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டேன். கூரைப் பல்லி ‘உச்’ கொட்டியது. வரதர் கோயில் தங்கப் பல்லியைத் தொட்டால் தோஷமெல்லாம் போகும் என்று ஊரே வரிசையில் நிற்கும். இதுவோ சாதாப் பல்லி, அதுவும் கைக்கு எட்டாத உயரத்தில்.

அப்போதுதான் கதவுக்கு வெளியே ஒரு குரல் கேட்டது. மெல்லிய, படித்த குரல்.

“வத்ஸூ?”

அவள் துள்ளி எழுந்து கதவில் இரண்டு கையையும் வைத்தாள். வெளிக் குரல் தாழ்ந்து பேசிற்று. எனக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை. இங்கிலீஷை யாரோ தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது மாதிரி இருந்தது. இக் கம் என்றது. இக் ஸ்லோட் என்றது. நடுவில் டூர் என்றது, பிறகு தொடர்ந்து மடமடவென்று போயிற்று. வத்ஸலா பதில் சொன்னாள். மறுபடி அவர். மறுபடி அவள், இந்தத் தடவை கெஞ்சுகிற மாதிரி.

பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். “அண்ணாதான். அவனை இங்க கொண்டுவந்துட்டாளாம். இந்தக் கதவையும் அவனைவிட்டே சாத்த வெச்சாளாம். அவா ஆள் ஒருத்தன் வாசல்ல நிக்கறானாம். நீங்க ரெண்டு பேரும் சத்தம் போடாம இருங்கோ, நான் மட்டும் வெளியில போய்ப் பேசி உங்களை விடச் சொல்றேன்.”

“பாவம்,” என்றேன். மனசார வருத்தப்பட்டுத்தான் சொன்னேன்.

அக்கா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். “வத்ஸலா, வாலைக் காணோமே?”

“என்ன மேடம்?”

“எனக்கு உங்க பாஷை தெரியாது. ஆனா வருஷக்கணக்கா சாட்சிங்க பேச்சைக் கேட்ட காது இது. அர்த்தம் புரியாட்டியும் கடைசி எழுத்து தப்பாது. நீ சொல்றதைப் பாத்தா அவன் பேச்சுல ரெண்டு ‘தெ’யாவது வந்திருக்கணும். கொண்டுவந்தாங்கறதுக்கு ஒண்ணு, சாத்த வெச்சாங்கறதுக்கு ஒண்ணு. ‘இக் கம்’னான். ‘இக் ஸ்லோட்’னான். ரெண்டும் மொட்டை.”

வத்ஸலா கதவிலிருந்து கையை எடுத்தாள்.

“காலையில போன்லயும் மொட்டைதானே?”

அவள் கதவின் கீழே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், கோபப்பட்டிருக்கலாம்.

“‘கம்’னுதான் சொன்னான்,” என்றாள். “‘நானாத்தான் வந்தேன், நீயும் வா’ன்னான். அந்த வெள்ளைக்காரன் தாயாரைக் கொண்டுவந்து குடுத்தா வேகிஷ் இலக்கணத்தை ஜெர்மனியில அச்சுப் போட்டுத் தரேன்னு சொல்லியிருக்கானாம். அங்க ஒரு யுனிவர்சிட்டியில வேலையாம். பாஷைன்னா பேசறதுக்கு ரெண்டு பேராவது வேணுமாம். அதனால என்னையும் கூப்பிடறான்.”

“எவனுமே பேசாத பாஷைக்குப் புஸ்தகம் போட, ஊரே கும்பிடற அம்மாவைத் தூக்கிக் குடுத்துட்டாரா? நல்லா இருக்குதும்மா உங்க பிறவினை,” என்றேன். இப்போது கோபம் வந்துவிட்டது.

“நேர்ல பாத்துப் பேசினா மனசை மாத்திடலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள நீங்க போலீஸ்கிட்ட போயிட்டா? அதனாலதான் வால் ஒட்டிச் சொன்னேன். இங்க தாயார் இருக்கான்னோ, அவன் நம்மளை உள்ளே வெச்சுப் பூட்டுவான்னோ சத்தியமா எனக்குத் தெரியாது.”

“இப்ப வெளியில இருந்து நிஜமா என்ன சொன்னான்?” அக்காவின் குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குப் பயம்.

“வாசல்ல ஆள் யாரும் இல்லை, பெருமாள் இந்தத் தெருவைத் தாண்டினதும் லாரி வந்துடுமாம். அதுல வர ஆட்கள் நல்லவா இல்லையாம். உங்க ரெண்டு பேரையும் பாத்தா...” அவள் முடிக்கவில்லை. “அதுக்கு முன்னால தாயாரை எடுத்துண்டு நான் மட்டும் வெளியில வந்தா, ஆட்களை வேற பக்கம் கூட்டிண்டு போயிடறேன்னு சொல்றான்.”

மேளச் சத்தம் இப்போது எங்கள் தலைக்கு நேரே இருந்தது. நான் காதைத் தீட்டிக்கொண்டேன். அது நகர்கிறதா, நிற்கிறதா? கருடன் எங்கேயாவது மண்டபத்தில் கொஞ்சம் இளைப்பாற மாட்டாரா என்று மனசுக்குள் கெஞ்சினேன். அந்த மேளம் எங்கள் மூச்சை அளந்துகொண்டிருந்தது.

“நீ வரேன்னு சொன்னா நம்புவானா?” என்று கேட்டாள் அக்கா.

“உடனே நம்புவான். வேகிஷ்ல நான் அவன்கிட்ட பொய் சொன்னதே இல்லை. சொல்லவும் வராது, மேடம். அந்தப் பாஷையைக் கட்டினதே அப்படித்தான். மனசில்லாமச் செஞ்சதை வால் இல்லாமச் சொல்ல என் நாக்கு வளையாது. சின்ன வயசுலேர்ந்து ஊறிப்போச்சு.”

“எங்ககிட்ட தமிழ்ல நல்லாத்தான வளைஞ்சுது,” என்றேன்.

அக்கா என்னைக் கையமர்த்தினாள். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். பிறகு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை சந்தேகம் கேட்பதுபோல் கேட்டாள்: “இறந்தகாலத்துக்கு ரெண்டு ரூபம்னே. எதிர்காலத்துக்கு?”

“ஒண்ணுதான். ‘இக் ஸல் கொமென்.’ வருவேன்.”

“அதுல வால் கிடையாதா?”

“கிடையாது. நானும் ஒரு தடவை கேட்டேன். இன்னும் நடக்காததுக்கு ஏது மனசு, ஏது கட்டாயம்னு சொல்லி அண்ணா அதைத் தொடவே...” வத்ஸலா நிறுத்தினாள். அக்காவைப் பார்த்தாள்.

“அப்ப நீ பொய் சொல்ல வேணாம்,” என்றாள் அக்கா. “வருவேன்னு சொல்லு. கதவைத் தொறந்தா நீ வெளியில வரத்தான் போற. எதுக்கு வர்றேன்னு அவனோட இலக்கணம் கேக்கல.”

ஒரு மனுஷன் ஆயுசெல்லாம் உட்கார்ந்து ஓட்டை ஒடிசல் இல்லாமல் ஒரு பாஷையைக் கட்டுகிறான். அக்கா ஒரு பாவுக் கட்டின் மேல் உட்கார்ந்தபடி அதில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டாள். எனக்குக் கும்பிடத் தோன்றிற்று. வத்ஸலாவுக்கு அப்படித் தோன்றியிருக்காது.

“நான் சொல்லிட்டேன். இழுத்துக்கினு போகமாட்டேன்,” என்றாள் அக்கா. “சொல்றதும் சொல்லாததும் உன் கையில இருக்குது.”

வத்ஸலா மூடிவைத்த தாயாரைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். வெளியே மேளம் நகர ஆரம்பித்துவிட்டது. முதலில் சந்தேகமாக இருந்தது, பிறகு நிச்சயமாயிற்று. சத்தம் தெருக்கோடிக்குப் போய்க்கொண்டிருந்தது. அக்கா அவசரப்படுத்தவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு எனக்கு யாராவது பட்டு அங்கவஸ்திரம் போர்த்தலாம்.

வத்ஸலா எழுந்தாள். கதவில் வாயை வைத்து, “இக் ஸல் கொமென்,” என்றாள்.

அடுத்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. நான் இரண்டு தறிக் கல்லைப் பட்டுத் துணியில் சுற்றி வத்ஸலாவின் கையில் கொடுத்தேன். அக்கா நிஜத் தாயாரை இடுப்பில் தூக்கிக்கொண்டு கதவின் ஒரு பக்கம் ஒட்டி நின்றாள், நான் மறுபக்கம். தாழ்ப்பாள் விலகிற்று. கதவு திறந்தது. உயரமாக, ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஒரு மனிதர். இவரா சாமியைத் திருடினார் என்று யாரும் கேட்கிற முகம். தங்கை கனம் தாங்காமல் நிற்பதைப் பார்த்து ஒரு அடி உள்ளே வந்து, இரண்டு கையாலும் மூட்டையை வாங்கிக்கொண்டார்.

அந்த இரண்டு கைக்கும் வேலை கொடுக்கத்தான் காத்திருந்தேன். தோளைப் பிடித்து முழு பலத்தோடு உள்ளே தள்ளினேன். பலகையில்லாத பள்ளத்தில் அவர் கால் இறங்கிற்று, கல் மூட்டையோடு உட்கார்ந்துவிட்டார். அக்கா வெளியே. நான் வெளியே. வத்ஸலாவைக் கையைப் பிடித்து இழுத்துவிட்டு, கதவைச் சாத்தத் திரும்பினேன்.

எனக்கு முன்னால் வேறு ஒரு கை கதவை இழுத்தது. வத்ஸலா கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டாள்.

வாசலுக்கு ஓடினேன். தெருக்கோடியில் கருட சேவை பந்தோபஸ்துக்கு நின்ற சப்-இன்ஸ்பெக்டர் ராமலிங்கத்துக்குக் கையை ஆட்டி, “சார், தாயார் கெடைச்சுட்டாங்க!” என்று கத்தினேன். இந்தத் தடவை யாரும் கோவிந்தா போடவில்லை. அவர் விசிலை ஊதிக்கொண்டு இரண்டு கான்ஸ்டபிள்களோடு கூட்டத்தைப் பிளந்து வர ஆரம்பித்தார். சந்து முனையில் திரும்ப முயன்ற ஒரு லாரி, விசில் சத்தம் கேட்டுத் திரும்பாமலே போய்விட்டது. நம்பரை மனசில் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன்.

அக்கா தாயாரோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். வத்ஸலா கதவைவிட்டு நகரவில்லை.

“வத்ஸூ,” என்றது உள்ளேயிருந்து குரல். கோபமாக இல்லை. கணக்கில் எங்கே தப்பு என்று தேடுகிறவர் குரல். “தூ ஸ்லோட்? தூ ஸ்லுட்தெ?”

இந்தத் தடவை எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. நீயாகச் சாத்தினாயா, சாத்த வைத்தார்களா? நடந்து முடிந்துவிட்டது. இப்போது அது இறந்தகாலம்.

அக்கா எழுந்து வந்து வத்ஸலாவின் தோளைத் தொட்டாள். “வாலோட சொல்லிடும்மா,” என்றாள் மெதுவாக. “நான்தான் உன்னைச் செய்ய வெச்சேன். அது பொய்யில்ல. ஜெயிலுக்குப் போற மனுஷன், தங்கச்சி நம்ம பக்கம்தான்னு நெனச்சுக்கினு போவட்டும்.”

கோர்ட்டில் ஒரு எழுத்தைக்கூட மாற்றி மொழிபெயர்க்காத அக்கா அதைச் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வத்ஸலா தாழ்ப்பாளின்மேல் கையை வைத்தாள். உதடு இரண்டு தடவை அசைந்தது.

“ஸ்லோட்,” என்றாள். பிறகு இன்னும் தெளிவாக, “இக் ஸ்லோட்.”

வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது, ராமலிங்கம் வந்துவிட்டார். நான் அவரைப் பார்த்துக் கொஞ்சம் நில்லுங்கள் என்று கை காட்டினேன். ஏன் காட்டினேன் என்று எனக்குத் தெரியவில்லை, அவரும் ஏன் என்று கேட்காமல் நின்றார்.

“வத்ஸூ,” என்றார் பராங்குசம், கதவுக்கு மிக அருகில் வந்து. “கதவைத் தொறம்மா. பயமா இருக்கு.”

வத்ஸலா வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அதுவரை அழாதவள், தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். அக்கா அவளைக் கட்டிக்கொண்டாள்.

“தமிழ்ல பேசறான் மேடம்,” என்றாள் வத்ஸலா. “அம்மா தவறிப்போன அன்னிக்குக்கூட அவன் எங்கிட்ட தமிழ்ல பேசினதில்லை.”